கடலூருக்கு வசந்தம் தையிலேயே வந்துவிடுகிறது: தோட்ட வேலையும் உடல்நலமும்

மார்ச் பிறந்தால் போதும், வசந்தகாலத் தோட்ட வேலையின் நன்மைகள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். வைட்டமின் டி கிடைக்கும், மன அழுத்தம் குறையும், சர்க்கரை கட்டுக்குள் வரும், மண்ணில் உள்ள பாக்டீரியா மனதுக்கு மகிழ்ச்சி தரும் என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை பொய் இல்லை. ஆனால் இவை குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. நான்கைந்து மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் பனி உருகியதும் வெளியே வருகிற பருவம் அங்கே மார்ச், ஏப்ரல். அதையே நம்பி கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ ஒருவர் சித்திரை மாதம் பத்து மணி வெயிலில் மண்வெட்டியைத் தூக்கினால், நன்மைக்கு முன்னால் மயக்கம் வந்துவிடும்.

ஆகவே அந்தச் செய்திகளில் எது எந்த ஊருக்கும் பொருந்தும், எது கடலூர், புதுச்சேரிக் கரைக்குப் பொருந்தாது, இந்தக் கரைக்கே உரிய எந்த விஷயம் அவற்றில் விடுபட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், எது நம் வசந்தம்?

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். வசந்தம் என்று நாம் சொல்வது இளவேனிலை. மாவும் வேம்பும் குயிலுமாகப் பாட்டுக்கு அது நல்ல பருவம்தான். கொத்துவதற்கு நல்ல பருவமா என்பது வேறு கேள்வி.

இந்தக் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டுகிறது. சில நாள் அளவு கடந்தே கொட்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மழையெல்லாம் ஓய்ந்து, நிலத்தில் ஈரம் மிச்சமிருக்க, பகல் வெப்பம் 29, 30 டிகிரியில் நிற்கிற காலம் பொங்கலிலிருந்து ஏறக்குறைய மாசிமகம் வரை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் மாவும் பூப்பது அப்போதுதான். புதுச்சேரி அரசு மலர், காய், கனிக் கண்காட்சியை வழக்கமாகப் பிப்ரவரியை ஒட்டி வைப்பதும் காரணமில்லாமல் இல்லை. செடி பார்வைக்கு நன்றாக இருப்பது அப்போதுதானே.

குளிர்நாட்டு வசந்தத்துக்கு இணையாக நம்மிடம் இருப்பது தை, மாசி, பங்குனி முற்பகுதி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

தோட்ட வேலை எவ்வளவு உடற்பயிற்சி?

உடல் உழைப்பை அளக்க மெட் என்று ஓர் அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். 3 முதல் 6 மெட் வரையுள்ள வேலை மிதமான உழைப்பு, அதற்கு மேல் கடும் உழைப்பு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் சொல்கிறது. தோட்டத்தில் செய்கிற வேலைகள் இந்த அளவுகோலில் எங்கே நிற்கின்றன?

1. பூவாளியிலோ குழாயிலோ தண்ணீர் ஊற்றுவது: சுமார் 1.5 மெட். மிதமான உழைப்பு ஆரம்பிக்கிற 3 மெட்டில் பாதிதான்.
2. களை பறிப்பது, களைக்கொத்தால் மண்ணைக் கிளறுவது: சுமார் 3.5 மெட். சுறுசுறுப்பான நடைக்குச் சமம்.
3. மண்வெட்டியால் கொத்திப் பாத்தி கட்டுவது: 5 மெட் வரை போகும். மண் இறுகியிருந்தால் இன்னும் கூடும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணிநேரம் களை எடுத்தால் தோராயமாக 210 கலோரி செலவாகும். அதே நேரம் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் 90. மாடியில் பத்துத் தொட்டி வைத்துக் காலையில் பூவாளியோடு ஒரு சுற்று வந்துவிட்டு 'தினமும் தோட்ட வேலை செய்கிறேன்' என்று மருத்துவரிடம் சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுவது நல்ல பழக்கம். நடைக்கு மாற்று ஆகாது.

சர்க்கரை நோய்க்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய 'இந்தியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தபோது, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் புதுச்சேரியில் 26.3 சதவீதம் என்று தெரிந்தது. கோவா 26.4. அதற்கு அடுத்து நாம்தான். நான்கு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் என்கிற அளவு.

தோட்ட வேலை இதில் எப்படி உதவும்? இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் தசைக்குள் நுழைய வழக்கமாக இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். சர்க்கரை நோயில் அந்தக் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் இல்லாமலே திறக்கிற இன்னொரு வழி உண்டு. குந்தி எழுவது, மண் அள்ளுவது, வாளி தூக்குவது எல்லாம் தொடை, முதுகு, தோள் ஆகிய பெரிய தசைகளை வேலை வாங்குவதால் அந்த வழி திறக்கிறது. சாப்பிட்ட பிறகு செய்தால் பலன் கூடுதல். காலை இட்லிக்குப் பிறகு அரைமணி நேரக் களையெடுப்பு, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தை நேரடியாகத் தணிக்கிறது. இன்சுலின் ஊசி போடுபவர்களும் சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் இதைச் செய்யக் கூடாது என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடலாம். பாத்திக்கு நடுவில் சர்க்கரை இறங்கினால் கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு கொஞ்சம் அசிங்கமாகிவிடும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் கூலிக்குக் களையெடுக்கும் பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உடற்பயிற்சி என்று யாராவது பாடம் எடுத்தால் சிரிப்பார்கள். மேலே சொன்ன நன்மைகள் நேரமும் அளவும் தன் கையில் இருப்பவருக்கானவை.

மனம் லேசாகும் என்பது உண்மையா?

ஓரளவு உண்மை. நெருக்கடி வரும்போது உடல் கார்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரக்கிறது. எச்சிலில் அதை அளக்கலாம். 2011-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு முதலில் மனதை அழுத்தும் ஒரு வேலை கொடுத்தார்கள். பிறகு ஒரு பாதிப் பேரைத் தோட்டத்துக்கும் மறுபாதியை உள்ளே உட்கார்ந்து படிக்கவும் அனுப்பினார்கள், அரைமணி நேரத்துக்கு. இரு சாராருக்கும் கார்டிசால் குறைந்தது. தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. வெறும் 30 பேர், அதுவும் ஏற்கெனவே தோட்டத்தில் பிரியம் உள்ளவர்கள். செடியைக் கண்டாலே எரிச்சல்படுகிறவருக்கும் இது பலிக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

மண் பாக்டீரியா மகிழ்ச்சி தருகிறது என்ற செய்தி இன்னும் பலவீனமானது. மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற மண்வாழ் பாக்டீரியாவை எலிகளுக்குச் செலுத்தியபோது மூளையில் செரட்டோனின் என்ற, மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சார்ந்த செல்கள் தூண்டப்பட்டன. அது எலி. செலுத்தப்பட்டது ஊசி வழியாக. தொட்டி மண்ணைப் பிசைந்தால் மனச்சோர்வு போகும் என்பதற்கும் அதற்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது. நம் ஊர் மண்ணில் வேறு சில பாக்டீரியாக்களும் இருக்கின்றன; அவற்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

வெயிலும் வைட்டமின் டியும்: இரண்டு கடிகாரங்கள்

அதிகம் குழப்பம் இருப்பது இங்கேதான். காலை ஆறரை மணி இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். கிடைப்பது மிகக் குறைவு. காரணம் இப்படி:

1. தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவைப்படுவது சூரிய ஒளியில் உள்ள பி வகைப் புற ஊதாக்கதிர்.
2. சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தைச் சாய்வாக, நீண்ட தூரம் கடந்து வருகிறது. வழியிலேயே ஓசோன் அந்தக் கதிரை உறிஞ்சிவிடும்.
3. சூரியன் உயர உயர அந்தக் கதிர் தரைக்கு வருகிறது. கண்டுபிடிக்க எளிய வழி: உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் அதிகம் உருவாகாது, குட்டையானால் உருவாகும்.

பாஸ்டன் மாதிரியான ஊரில் குளிர்காலம் முழுக்க நண்பகலில்கூட இந்தக் கதிர் போதிய அளவு தரையை எட்டுவதில்லை. அதனால் அவர்களுக்கு வசந்தம் என்பது வைட்டமின் டி மீண்டும் கிடைக்க ஆரம்பிக்கும் காலம். கடலூரும் புதுச்சேரியும் ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கின்றன. மார்கழியில்கூட இங்கே நண்பகல் வெயிலில் அது கிடைக்கும். ஆக வசந்தத்தில் வெளியே வா, வைட்டமின் டி வாங்கிக்கொள் என்ற அறிவுரைக்கு இந்த ஊரில் வேலையே இல்லை.

நமக்கான கேள்வி வேறு. நிழல் குட்டையாகும் கடிகாரம் ஒன்று, வெப்பம் ஏறும் கடிகாரம் ஒன்று. இரண்டும் எப்போது ஒத்துப்போகின்றன? பிப்ரவரியில் நிழல் நம் உயரத்துக்குச் சுருங்குவது காலை 10 மணிவாக்கில். அப்போது வெப்பமும் தாங்கும்படிதான் இருக்கும். கை கால் வெளியே தெரிய அரைமணி நேரம் வேலை செய்யலாம். ஏப்ரலில் நிழல் 9 மணிக்கே சுருங்கிவிடும், 20-ஆம் தேதியை ஒட்டி நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து நிழலே இல்லாமல் போகும். கதிர் தாராளம்தான், ஆனால் கூடவே வெப்பமும். வைட்டமின் டி கிடைக்கும் நேரமும் பாதுகாப்பாக வேலை செய்யும் நேரமும் அப்போது பிரிந்துவிடுகின்றன. தை, மாசியை நம் வசந்தம் என்று மேலே சொன்னதற்கு வலுவான காரணம் இது.

நம் தோலின் நிறமியும் அந்தக் கதிரை வடிகட்டுவதால் வெள்ளைத்தோல்காரர்களுக்குச் சொல்லும் பத்து நிமிடம் நமக்குப் பத்தாது. இரத்தப் பரிசோதனையில் குறைபாடு என்று வந்துவிட்டால் மாத்திரைதான் வழி. கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் நின்று அதைச் சரிக்கட்ட முடியாது.

தட்டில் என்ன மாறுகிறது?

அமெரிக்காவின் டென்வர் நகரில் 291 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு மட்டும் சமூகத் தோட்டத்தில் இடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. தோட்டம் கிடைத்தவர்கள் நாளொன்றுக்கு சுமார் 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சின்ன எண்தான். ஆனால் உணவுப் பழக்கத்தை மாற்றச் சொல்லும் ஆலோசனைகளில் பாதி இதைக்கூடச் சாதிப்பதில்லை என்பது என் கணிப்பு.

நம் வீடுகளில் கீரைக்குத்தான் இது அதிகம் பொருந்தும். முளைக்கீரை விதைத்து மூன்று, மூன்றரை வாரத்தில் பறிக்கலாம். வீட்டில் முளைத்துவிட்டதே என்பதற்காகவே வாரம் இரண்டு நாள் கீரை சமைக்க நேரும். காய்க்குப் போக விரும்புகிறவர்கள் கத்தரியில் ஆரம்பிக்கலாம். பண்ருட்டி வட்டத்துப் பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது; பாலூர் 1 கத்தரி அங்கிருந்து வந்த ரகம். தக்காளியைத் தள்ளிப்போடக் கூடாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ பிஞ்சாகாமல் உதிரும். மார்ச்சில் நாற்று நட்டு மே மாதம் செடி மட்டும் தளதளவென்று நிற்க, ஒரு காய் இல்லையே என்று புலம்புவதன் பின்னணி இதுதான்.

அந்தச் செய்திகளில் இல்லாதது: நம் மண்ணின் ஆபத்துகள்

குளிர்நாட்டுக் கட்டுரைகள் மகரந்த ஒவ்வாமையோடு நிறுத்திக்கொள்ளும். இங்கே பட்டியல் வேறு. பயமுறுத்த இல்லை, செருப்பு, கையுறை, சோப்பு மூன்றும் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

1. மெலியாய்டோசிஸ். வெப்பமண்டல ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. கை கால் வெட்டுக்காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகிறது. விடாத காய்ச்சல், நிமோனியா, உடலுக்குள் சீழ்க்கட்டி என்று பல முகம் காட்டும். காசநோய் என்று தவறாக நினைத்துவிடவும் கூடும். அரிதுதான், ஆனால் பிடித்தால் கடுமையானது. சர்க்கரை நோய் உள்ளவர்களை அதிகம் தாக்குகிறது. மேலே சொன்ன 26.3 சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை மருத்துவர்கள் தங்களிடம் வந்த இந்நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். மழை ஓய்ந்த உடனே சேற்றில் வெறுங்காலோடு இறங்காமல், மேல்மண் காயும்வரை பொறுப்பது நல்லது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் வேலை முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். முள் குத்தியது அவர்களுக்கு வலியாகத் தெரியாது.

2. உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்பது மருத்துவப் பெயர். புதரிலும் உயரமான புல்லிலும் இருக்கும் மிக நுண்ணிய சிற்றுண்ணிகளின் இளம்புழுக்கள் கடிப்பதால் வருகிறது. இந்தப் பகுதியில் மழைக்காலத்திலிருந்து பனிக்காலம் வரை அதிகம். நாம் தோட்டத்தைச் சுத்தம் செய்யும் அதே தை மாதமும் அதில் அடக்கம். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கலாம், அதுவும் அக்குள், தொடை இடுக்கு என்று தெரியாத இடத்தில். காய்ச்சலோடு மருத்துவரிடம் போகிறபோது 'போன வாரம் புதர் வெட்டினேன்' என்று ஒரு வரி சொன்னால் போதும், அவர் அந்தத் திசையில் யோசிப்பார். நேரத்தில் கண்டுபிடித்தால் எளிதாகக் குணமாகிற நோய்.

3. டெங்கு. ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு அதற்கு அருமையான இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் சுழற்சி அறுந்துவிடும். தேய்ப்பது முக்கியம், முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பிழைத்திருக்கும். கொசுக்களை ஆராய்வதற்கென்றே 1975-லிருந்து ஒரு தேசிய மையம் இயங்குகிற ஊர் புதுச்சேரி. அந்த ஊரின் மாடித்தோட்டங்களே கொசு வளர்க்கலாமா?

4. மற்றவை. வெறுங்காலில் கொக்கிப்புழு ஏறும். துருப்பிடித்த கம்பியோ முள்ளோ ஆழமாகக் குத்தினால், டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்று பார்க்க வேண்டும். பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கினால் சிலருக்குத் தோல் தடித்து மாதக்கணக்கில் அரிக்கும். இலைக்குவியல், செங்கல் அடுக்கில் கைவிடும் முன் குச்சியால் தட்டிப் பார்ப்பது நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்ததுதான்.

சித்திரைக்குப் பிறகு

உடல் ஓர் இயந்திரமாக அவ்வளவு திறமையானது இல்லை. வேலை செய்யும்போது செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் அசைவாகிறது, மீதி வெப்பம். அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டிய வியர்வை குளிர்விக்காது, தண்ணீரையும் உப்பையும் மட்டும் இழக்கிறோம். வெப்ப அலை அறிவிக்க இந்திய வானிலைத் துறை சமவெளிக்கு 40 டிகிரி என்று வைத்திருக்க, கடலோரத்துக்கு 37 என்று தாழ்த்தி வைத்திருக்கிறது.

நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்தால் தேவனாம்பட்டினத்தில் மூச்சு விடலாம். நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் அந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம். ஆகவே கரையோரத்து உறவினர் சொல்லும் நேரத்தைக் கடலிலிருந்து தள்ளி இருப்பவர் அப்படியே பின்பற்ற வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் சீக்கிரம் வறண்டுபோவார்கள்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்கு வந்து உப்புச் சர்க்கரைக் கரைசலோ உப்புப் போட்ட மோரோ குடிக்க வேண்டும். பேச்சு குளறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பவாதம். குடிக்க எதுவும் கொடுக்காமல், உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

பங்குனி பாதியோடு கொத்துகிற வேலையை முடித்துவிடலாம். அப்புறம் காலை ஏழரைக்குள் தண்ணீர், மாலை ஐந்தரைக்கு மேல் சின்னக் களையெடுப்பு. கீரைக்கு மேலே பச்சை நிழல்வலை. மொட்டை மாடித் தளம் நாள் முழுக்க வாங்கிய சூட்டை இரவு எட்டு மணி வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் என்பதால் மாடித்தோட்டக்காரர்களுக்கு மாலையைவிடக் காலைதான் தோது. அடுத்த பெரிய கொத்து, ஆடிப்பட்டத்துக்கு முதல் மழை விழுந்து மண் இளகிய பிறகு.